அம்மிணிக்கு ஒரு கணக்கு

கொழிஞ்சாம்பாறை
25.08.2025

அன்புள்ள அம்மிணிக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அம்மாவும் நலம். செவலை மாடு கிடாரிக் கன்று ஈன்றதை அம்மா போனில் சொல்லியிருப்பாள். நான் பேசினால் நீ ‘டூட்டி இருக்குப்பா’ என்று வைத்துவிடுகிறாய். நானும் ‘சரி சாமி’ என்று விட்டுவிடுகிறேன். அதனால்தான் எழுதுகிறேன்.

சென்ற புதன்கிழமை பால் சங்கத்தில் காலைப் பாலின் கணக்கை முடித்துக்கொண்டிருந்தபோது தபால்காரர் ஒரு பதிவுத் தபாலைக் கொடுத்துக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார். உன் கல்விக்கடன் பற்றி வங்கியிலிருந்து வந்தது. உன் பெயருக்குக் கீழே இணைக் கடன்தாரர் என்று என் பெயர் இருந்தது. ஜூன், ஜூலை, ஆகஸ்ட் ஆகிய மூன்று மாதத் தவணைகள் வரவில்லை என்றும், நிலுவை 5 லட்சத்து 61 ஆயிரத்துச் சொச்சம் என்றும் அதில் கண்டிருந்தது. அன்று மாலையே மாமன் தமக்கு வந்த நகலைக் கொண்டுவந்து திண்ணையில் வைத்துவிட்டு, அம்மா கொடுத்த காப்பியைத் தொடாமல் எழுந்து போனார். ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் ஜாமீன் கையெழுத்துப் போட்ட நாளில் பேசியதெல்லாம் உனக்கு நினைவிருக்கும்.

ஏன் கட்டவில்லை என்று கேட்பதற்காக நான் இதை எழுதவில்லை. வேலையில் ஏதாவது மாற்றம் இருந்தாலும், வேறு செலவு வந்திருந்தாலும், நீயாகச் சொல்லும்போது கேட்டுக்கொள்கிறேன். ஆனால் வங்கியிலிருந்து போன் வந்தால் எடுக்காமல் மட்டும் இருந்துவிடாதே. எடுத்துப் பேசு. 90 நாள் தாண்டினால் கடன் வாராக்கடன் கணக்கிற்குப் போய்விடும். உன் சிபில் மதிப்பெண்ணும் கெடும். பிறகு எந்த ஊரில் எந்த வங்கியில் போய் நின்றாலும் அந்த மூன்று மாதம் உனக்கு முன்னால் வந்து நிற்கும். முதல் தவணை தவறிய நாளிலிருந்து எண்ணினால் செப்டம்பர் முதல் வாரத்தில், ஓணத்தை ஒட்டி, 90 நாள் நிறைகிறது. அதற்கு முன் கிளையில் பேசினால் தவணைக் காலத்தைப் பத்து ஆண்டிலிருந்து பதினைந்து ஆண்டாக நீட்டித் தரக் கேட்கலாம். கல்விக்கடன் திட்டத்தில் அதற்கு இடம் உண்டு. நேரில் போய்க் கேட்பது நல்லது. போன் வந்தால் எடு.

ஜெர்மன் மொழி படிக்கிறாய் என்று அம்மா சொன்னாள். நல்ல காரியம். யாராவது ஏஜென்சிக்காரரிடம் முன்பணம் ஏதும் கொடுத்திருக்கிறாயா என்று நான் கேட்கவில்லை. வெளிநாடு வாழ் கேரளத்தவருக்கான கேரள அரசின் நோர்க்கா நிறுவனம் ஜெர்மனியின் அரசு வேலைவாய்ப்பு முகமையோடு சேர்ந்து ‘ட்ரிப்பிள் வின்’ என்ற திட்டத்தில் நர்சுகளைக் கட்டணம் வாங்காமல் எடுக்கிறது. மொழிப் பயிற்சியும் அதிலேயே அடக்கம். உன் ரேஷன் அட்டையும் எஸ்.எஸ்.எல்.சி. புத்தகமும் இந்தப் பக்கத்தவை. தமிழ்நாட்டு எல்லைக்கு மேற்கே, கேரளத்தில் பிறந்ததால் நமக்குக் கிடைக்கும் ஒன்றிரண்டு நன்மைகளில் இதுவும் ஒன்றாக இருக்கட்டும்.

எல்லை என்றதும் எனக்குப் பழைய கசப்பு வந்துவிடுகிறது. தமிழ் வழியில் படித்து, பிளஸ் டூ தேர்வில் நம் பள்ளியின் முதல் மூன்று பேரில் ஒருத்தியாக வந்தாய், ஆனால் கேரளத்தில் நர்சிங் சேர்க்கைக்கான எல்.பி.எஸ். தரவரிசையில் அரசுக் கல்லூரிக்குக் கொஞ்சம் மதிப்பெண் போதவில்லை. வேலந்தாவளம் சோதனைச் சாவடியைத் தாண்டினால் பேச்சு நம் பேச்சு, கோயில் நம் கோயில், கொண்டு கொடுத்த சொந்தம் அத்தனையும் அங்கே. ஆனால் அங்கே போய் நின்றபோது இருப்பிடச் சான்று கேட்டார்கள். தமிழ்நாட்டில் 2010 முதல் கலந்தாய்வில் சேரும் முதல் தலைமுறைப் பட்டதாரிக்குக் கல்விக் கட்டணச் சலுகை உண்டு. பிரீ-டிகிரியோடு நின்றவன் நான். அதனால் என் மகள் முதல் தலைமுறைதான், ஆனால் வெளிமாநிலம். ஆகவே மேனேஜ்மெண்ட் கோட்டா. கட்டணம், விடுதி, புத்தகம் எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு ஒன்றரை லட்சமாக நான்கு ஆண்டுக்கு ஆறு லட்சம். சிற்றூர் அரசுக் கல்லூரியில் நான் படித்தபோது உன் அப்பாரு, என் அப்பா, ஒரு மூட்டை நிலக்கடலையை விற்றார். அதில் என் ஓராண்டுப் படிப்பு முடிந்து, கைக்கடிகாரம் வாங்கவும் மிச்சம் இருந்தது. 2001-இல் அந்தோணி முதலமைச்சராக இருந்தபோது, இரண்டு சுயநிதிக் கல்லூரிகள் வந்தால் ஓர் அரசுக் கல்லூரி வந்ததற்குச் சமம் என்றார்கள். மலையாளத்தில் அவற்றுக்கு ‘சுவாசிரயம்’ என்று பெயர். தன்னைத்தானே சார்ந்து நிற்பது என்று பொருள். எந்தக் கல்லூரியும் தன்னைச் சார்ந்து நிற்பதை நான் பார்க்கவில்லை. உன் அம்மாவின் பால் பணத்தைச் சார்ந்து நின்றதைப் பார்த்தேன்.

அந்தப் பால் பணத்தைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன்.

உன்னை நினைத்து நான் தலைநிமிர்ந்து நடந்த நாட்கள் உண்டு என்பதையும் நீ தெரிந்துகொள்ள வேண்டும். 2020-இல் கொரோனா வார்டில் நீ அந்த வெள்ளை உடைக்குள் நின்று எடுத்த படத்தைச் சங்கத்துக்குப் பால் ஊற்ற வந்த அத்தனை பேரிடமும் காட்டினேன். அப்போது உன் சம்பளம் 13,000 ரூபாய் என்பதை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை. 2018-லேயே கேரள அரசு தனியார் மருத்துவமனை நர்சுகளுக்குக் குறைந்தது 20,000 ரூபாய் அடிப்படைச் சம்பளம் என்று அறிவித்துவிட்டது. அது எல்லைக்கு மேற்கே. நீ வேலை பார்த்தது கிழக்கே. படிக்கப் போனபோது மேற்கத்தியவள் என்றார்கள். சம்பளம் கொடுக்கும்போது கிழக்கத்தியவளாக ஆக்கிவிட்டார்கள். அந்தச் சம்பளத்திலிருந்து மாதம் 11,447 ரூபாய் தவணை கட்டினாய். மீதி 1,553 ரூபாயில் நீ என்ன சாப்பிட்டாய் என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை. இரவு டூட்டியில் பன்னும் டீயும் போதும் என்று அம்மாவிடம் சொன்னாயாம். அது போதாது. வேளைக்குச் சாப்பிடு.

ஆனால் அம்மிணி, எதையும் அம்மாவிடமே சொல்கிறாய். பொங்கலுக்கும் வரவில்லை, மாரியம்மன் பொங்கலுக்கும் வரவில்லை. என்னிடம் சொல்வதற்கு இல்லாத ஒரு விஷயம் நம் வீட்டில் எப்போது வந்தது என்று யோசித்துப் பார்த்தேன். யோசிக்க வேண்டிய அவசியமே இல்லை, எனக்குத் தெரியும்.

புதன்கிழமையிலிருந்து இரவில் தூக்கம் இல்லாமல் உன் கடன் கணக்கைப் போட்டுப் பார்க்கிறேன். வாங்கியது 6 லட்சம். 57 தவணைகளில் நீ கட்டியது 6,52,479 ரூபாய். வாங்கியதைவிட அதிகமாகக் கட்டியும் இன்னும் ஐந்தரை லட்சத்துக்கு மேல் நிற்கிறது. வருமான வரியில் 80-இ பிரிவின்படி கல்விக்கடன் வட்டிக்கு விலக்கு உண்டு என்று மேலாளர் ஒரு தடவை சொன்னார். வரி கட்டும் அளவுக்குச் சம்பளம் வாங்குகிறவர்களுக்கு அது பயன்படும். 2017-இல் கேரள அரசு 900 கோடி ரூபாயில் கல்விக்கடனைத் திருப்பிச் செலுத்த உதவும் திட்டத்தைக் கொண்டுவந்தபோது நீ இரண்டாம் ஆண்டுதான் படித்துக்கொண்டிருந்தாய். குறைந்த வருமானக் குடும்பங்களுக்குப் படிப்புக் காலத்து வட்டியை மத்திய அரசே கட்டும் மானியமும் இருந்தது. மேனேஜ்மெண்ட் கோட்டாவுக்கு அது கிடையாது என்று கிளையில் ஒருவர் தலையைத் தூக்காமல் சொன்னார். சரிதானா என்று மேலே எழுதிக் கேட்காமல் திரும்பி வந்துவிட்டேன். பத்துப் பைசா வித்தியாசத்துக்குப் பால் பவுடர் கம்பெனிக்கு நான்கு கடிதம் எழுதியவன் நான்.

இதையெல்லாம் சுற்றி வளைத்து எழுதுவது ஏன் என்று உனக்குத் தெரியும் என்று நினைக்கிறேன். ஆறு லட்சம் எட்டு லட்சத்து 31 ஆயிரமாக ஆனது வங்கியின் தவறு அல்ல. படிக்கும் காலத்திலும் அதற்கடுத்த ஓராண்டிலும் தவணை கிடையாது. ஆனால் வட்டி உண்டு. அந்த வட்டியை அவ்வப்போது கட்டிவிட்டால் கடன் ஆறு லட்சமாகவே நிற்கும். அப்படிக் கட்டுகிறவர்களுக்கு வட்டியில் ஒரு சதவீதம் குறைத்துத் தரவும் திட்டத்தில் வழி இருந்தது. கட்டாவிட்டால் அத்தனையும் அசலில் ஏறிக்கொள்ளும். முதல் ஆண்டு மாதம் 1,375 ரூபாய், அடுத்த ஆண்டு 2,750, பிறகு 4,125, கடைசி இரண்டு ஆண்டும் 5,500. உன் அம்மா இந்தக் கணக்கைப் போடத் தெரியாமலே, பால் பட்டுவாடா ஆனதும் நான் கேட்ட தொகையை மஞ்சள் பையில் முடிந்து ‘அம்மிணி வட்டி’ என்று சொல்லிக் கொடுத்தாள். ஒரு மாதம் தவறவில்லை. உரித்த தேங்காய்க்கு விலை இல்லாத மாதத்திலும் கொடுத்தாள்.

நான் கட்டவில்லை.

முதலில் சேர்த்து வைத்து மொத்தமாகக் கட்டலாம் என்று நினைத்தேன். 2016-இல் மழை பொய்த்தது. அக்டோபரில் அரசே வறட்சி என்று அறிவித்தது. ஆழியாற்றிலிருந்து வர வேண்டிய தண்ணீருக்கு மூலத்தறையில் எல்லோரும் காத்துக் கிடந்தார்கள். நம் கிணறு வற்றி, தென்னங்குருத்து காய ஆரம்பித்தபோது, அப்பாரு வைத்த மரங்கள் என் காலத்தில் சாகக் கூடாது என்ற வீம்பில் போர் போட்டேன். 750 அடியில் புகைதான் வந்தது. அதோடு நின்றிருக்க வேண்டும். ஜோசியர் காட்டிய இடத்தில் இரண்டாவது போட்டேன். 900 அடியில் ஒரு சொட்டு இல்லை. இரண்டும் உன் வட்டிப் பணம். அதற்குப் பிறகு வந்த பணமும் போர்க்காரர் பாக்கிக்கும் தீவனக் கடை பாக்கிக்கும் போனது. ‘வட்டி கட்டியாச்சாப்பா?’ என்று நீ விடுதியிலிருந்து கேட்ட ஒவ்வொரு தடவையும் ‘கட்டியாச்சு சாமி, நீ படிப்பைப் பாரு’ என்று சொன்னேன்.

2020-இல் தவணை நிர்ணயிக்க நாம் இருவரும் வங்கிக்குப் போனபோது அந்தத் தாளில் 8,31,000 என்று இருந்ததை நீ பார்த்தாய். இரண்டு தடவை பார்த்தாய். பிறகு மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்றாய். அன்று நீ என்னைக் கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன் என்று தெரியவில்லை. மறுபடியும் பொய் சொல்லியிருக்கவும் கூடும். ஆறு லட்சத்துக்கு மட்டும் என்றால் உன் தவணை 8,265 ரூபாய். மீதி 3,182 ரூபாய் ஒவ்வொரு மாதமும் என் பொருட்டு நீ கட்டியது. பத்து ஆண்டுக்கு 3,81,840 ரூபாய். ஊராரின் பால் கணக்கில் ஒரு காசு தவறியதில்லை என்று மாவட்டக் கூட்டத்தில் எனக்குப் பொன்னாடை போர்த்திய படம் நடுவீட்டில் மாட்டியிருக்கிறது.

உன் அம்மா இரவில் எழுந்து உட்கார்ந்துகொள்கிறாள். 2004 ஜூலையில், வங்கிக்கடன் கிடைக்காத ஒரு பொறியியல் மாணவி திருவனந்தபுரத்தில் செய்துகொண்டதைப் பற்றிக் கேரளம் முழுவதும் பேசிக்கொண்டிருந்தது. அப்போது நீ இரண்டாம் வகுப்பு. வங்கிக் கடிதம் வந்ததிலிருந்து அம்மாவுக்கு அந்தப் பெண்ணின் நினைப்பாகவே இருக்கிறது. நான் அவளைத் திட்டினேன். ஆனாலும் உன் போன் இரண்டு தடவை எடுக்கப்படாமல் அடித்து ஓய்ந்தால் எனக்கும் கை நடுங்குகிறது. வங்கி போனை எடுக்காவிட்டாலும் பரவாயில்லை, எங்கள் போனை எடு.

மேற்கு வரிசைத் தென்னை மரங்களைக் கள்ளுக்கு விட்டுவிட்டேன். அப்பாருவிடம் நான் என்ன சொல்லியிருந்தேன் என்பது உனக்குத் தெரியும். அவர் இருந்திருந்தால் வாசலில் ஏறவிட்டிருக்க மாட்டார். முன்பணம் கைக்கு வந்துவிட்டது. வியாழக்கிழமை காலையில் கிளைக்குப் போய் மூன்று தவணைக்கும் உரிய 34,341 ரூபாயைக் கட்டிவிட்டு, ரசீதைப் படம் எடுத்து உனக்கும் மாமனுக்கும் அனுப்புகிறேன். ரசீதைப் பார்த்த பிறகு நம்பினால் போதும். இனி மாதந்தோறும் 3,182 ரூபாய் என் கணக்கிலிருந்து நேராகக் கடன் கணக்கிற்குப் போக எழுதிக் கொடுத்துவிடுகிறேன். மறுக்காதே.

ஓணத்துக்கு ஒரு நாளாவது வந்து போ. தவணையை நீட்டிக்கும் விண்ணப்பத்தில் நீயும் கையெழுத்திட வேண்டும் என்பது ஒரு காரணம். இன்னொன்று, போர் போட்ட பணம் எங்கிருந்து வந்தது என்று உன் அம்மாவிடம் நான் இன்னும் சொல்லவில்லை. சீட்டு எடுத்தேன் என்றுதான் ஒன்பது ஆண்டாக அவள் நினைத்துக்கொண்டிருக்கிறாள். சொல்லப்போகிறேன். அப்போது நீ பக்கத்தில் இருந்தால் நல்லது.

காந்திபுரத்திலிருந்து வேலந்தாவளம் பஸ்ஸில் ஏறிப் போன் செய். நான் வண்டியோடு வந்து நிற்கிறேன்.

இப்படிக்கு,
அன்புடன் அப்பா