துணைக்குப் போனவள்

அன்புள்ள சரோஜா,

உன் கடிதம் கிடைத்தது. சுமதி கச்சேரி செய்ய ஐரோப்பா போகிறாள், நீ துணைக்குப் போகிறாய் என்று படித்ததும் சந்தோஷமாகத்தான் இருந்தது. இரண்டு மாதம் அவரைத் தனியாக விட்டுவிட்டுப் போகிறோமே என்று கவலைப்பட்டிருக்கிறாய். எனக்கென்னவோ அவரைவிட உன்னைப் பற்றித்தான் யோசனை. நான் இப்போது படித்துக்கொண்டிருப்பது மேல்நாட்டு சங்கீத மேதை மொசார்ட் வீட்டுக் கடிதங்கள். அதனால் வந்த யோசனை.

சின்ன வயதில் மொசார்ட்டையும் அக்கா நானெர்லையும் ஊர் ஊராகக் கூட்டிப்போய் வாசிக்க வைத்தவர் அப்பா லியோபோல்ட். வண்டி பேசுவது, பெரிய மனிதர்களைப் பிடிப்பது எல்லாம் அவருக்கு அத்துப்படி. ஆனால் 1777-ல், 21 வயது மகன் வேறு அரண்மனையில் உத்தியோகம் தேடிக் கிளம்பியபோது, அவர்கள் ஊரான சால்ஸ்பர்க்கை ஆண்ட எஜமானர், பேராயர், அப்பாவுக்கு லீவு தரவில்லை. துணைக்கு அம்மா அன்னா மரியா போனாள். செப்டம்பர் 23 காலை வண்டி கிளம்பியதும் லியோபோல்ட் மாடியேறி வந்து நாற்காலியில் விழுகிறார். பையனுக்கு ஆசி சொல்லவில்லையே என்று அப்போதுதான் உறைக்கிறது. ஜன்னலுக்கு ஓடுகிறார், வண்டி கண்ணில் படவில்லை. நானெர்ல் அழுது அழுது தலைவலி, வாந்தி என்று படுத்துவிட்டாள். பக்கத்தில் அவர்கள் வீட்டு நாய்.

முதலில் போட்ட திட்டம் ஜெர்மனியில் மன்ஹைம் நகரத்தோடு அம்மா ஊர் திரும்புவது, மகன் மற்ற வாத்தியக்காரர்களோடு பாரிஸ் போவது. மகனோ அங்கே அலோய்சியா வேபர் என்ற பாடகியிடம் மனதைப் பறிகொடுத்து, அவள் குடும்பத்தோடு இத்தாலிக்குப் போகலாமா என்று கனவு காண ஆரம்பித்தான். அவன் சாப்பிடப் போன நேரம் பார்த்து, அவன் கடிதத்தின் அடியிலேயே அம்மா கணவருக்கு ரகசியமாக நாலு வரி எழுதுகிறாள்: புது சிநேகிதம் கிடைத்தால் போதும், உயிரையும் உடைமையையும் கொடுத்துவிடுவான் என்று. பெற்றவள் வேறென்ன செய்வாள்? அப்பாவிடமிருந்து 'கிளம்பு பாரிசுக்கு' என்று உத்தரவு வந்தது. கூடவே அம்மாவும் போகவேண்டும் என்று. பையனைக் காப்பாற்ற எழுதிய வரிகள் அவளையே பாரிசுக்கு இழுத்துப்போனதாகத்தான் எனக்குப் படுகிறது.

1778 மார்ச்சில் பாரிஸ். முதலில் கிடைத்த அறை ஒரு சின்ன முற்றத்தைப் பார்த்த இருட்டறை. நாள் முழுக்க வெயில் தெரியாது, வெளியே மழையா வெயிலா என்றுகூடத் தெரியாது என்று எழுதுகிறாள். கொஞ்சம் கம்பளி பின்னவே வெளிச்சம் போதவில்லை. மாடிப்படி குறுகல், பியானோ மாதிரியான கிளேவியர் வாத்தியத்தை மேலே ஏற்ற முடியாததால் மகன் வேறு இடத்துக்குப் போய் எழுதுகிறான். பகல் முழுக்க அவனைப் பார்க்கவே முடியவில்லை, எனக்குப் பேச்சே மறந்துவிடும் போலிருக்கிறது என்கிறாள். அப்புறம் நல்ல ஜாகைக்கு மாறினார்கள், சரி. ஆனால் அந்த ஒரு கடிதத்தைப் படித்துவிட்டு என்னால் அன்று வேறெதுவும் படிக்க முடியவில்லை.

மகனையும் குறை சொல்லிப் பயனில்லை. ஷபோ சீமாட்டி வீட்டில் நெருப்பு இல்லாத குளிர்ந்த அறையில் காக்க வைத்தார்கள். விரல் விறைத்துப்போய் ஓட்டை பியானோவில் வாசித்தான். சீமாட்டியும் கூட இருந்தவர்களும் படம் வரைந்துகொண்டே இருந்தார்கள். நம் சபாக்களில் பக்கவாத்தியம் நடக்கும்போது கேன்டீனுக்கு எழுந்து போகிறவர்கள் எவ்வளவோ தேவலை! ஜூன் 18-ல் புது சிம்பொனிக்கு நல்ல கைதட்டல். சந்தோஷத்தில் ஐஸ்கிரீம் சாப்பிட்டுவிட்டு, வேண்டிக்கொண்ட ஜெபமாலையையும் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனான்.

அதை அடுத்து அம்மாவுக்குக் காய்ச்சல். ஜூலை 3 இரவு போய்விட்டாள், 57 வயதில். அன்றைய தேதியிட்டு அப்பாவுக்கு எழுதிய கடிதத்தில் அம்மாவுக்கு உடம்பு ரொம்ப மோசம் என்று மட்டும் இருக்கிறது. அதே கடிதத்தில்தான் அந்த ஐஸ்கிரீம் கதையும்! குடும்ப நண்பரான பாதிரியார் புலிங்கருக்குத்தான் இரவு 2 மணிக்கு உட்கார்ந்து உண்மையை எழுதி, அப்பாவின் மனதைத் தயார்ப்படுத்தச் சொன்னான். கல்நெஞ்சன் என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஊரில் இருக்கிறவரைக் கொஞ்சங்கொஞ்சமாகத் தேற்றுவதற்கு நாமும் இப்படித்தானே 'சீரியஸ்' என்று தந்தி கொடுத்தோம்?

அங்கே ஜூலை 12-ம் தேதி லியோபோல்ட், மனைவியின் பெயர்நாள் (அவள் பெயருள்ள புனிதரின் திருநாள்) வாழ்த்து நேரத்தோடு போய்ச் சேரவேண்டும் என்று எழுத உட்கார்ந்திருக்கிறார். மறுநாள்தான் மகன் கடிதம் வருகிறது. பின்னால், மன்ஹைமிலிருந்தே அவள் வீடு திரும்பியிருந்தால் செத்திருக்கமாட்டாள் என்று மகன்மேல் பழி போட்டார். அனுப்பிய கையை யார் கேட்பது?

பயமுறுத்துகிறேன் என்று நினைக்காதே. உனக்கு போன் இருக்கிறது, டாக்டர் இருக்கிறார். ஆனாலும் அங்கே யார் வீட்டில் தங்கப்போகிறீர்கள் என்று இப்போதே கேட்டு வை. சுமதி ஒத்திகைக்குப் போகிற நாட்களில் நீ தனியாக வெளியே போய்வர பஸ் பாஸ் ஒன்று வாங்கித் தரச் சொல். உனக்கும் இன்சூரன்ஸ் எடுத்தாயிற்றா? மூட்டுவலி மாத்திரையை டாக்டர் சீட்டோடு கைப்பையிலேயே வைத்துக்கொள். முடியவில்லை என்றால் நடுவிலேயே திரும்பி வருவேன் என்று புறப்படும்முன் அவரிடமும் சுமதியிடமும் சொல்லிவிடு.

வீசா வந்ததும் எழுது.

அன்புடன்,
விசாலம்