தம்பி, புது லேப்டாப் இப்ப வேணாம்

தம்பி,

சாப்பிட்டியா. பழைய கம்ப்யூட்டருக்கு பதிலா வாங்கலாம்னு நீ வாட்ஸ்அப்ல அனுப்புன லேப்டாப் படத்த பாத்தேன், விலை 2,600 வெள்ளி போட்டிருக்கு, அழகாத்தான் இருக்கு. வாய்ஸ் மெசேஜ்ல சொன்னா பாதியிலயே "சரிம்மா சரிம்மா"ன்னுட்டு அடுத்த வேலைக்கு போயிருவ, அதான் உக்காந்து டைப் பண்றேன். பழைய கம்ப்யூட்டர்லயேதான் டைப் பண்றேன், அதுவே பதில்னு வச்சிக்கயேன்.

தீபாவளி முடிஞ்ச ஒரு வாரத்துல ஒரு பக்கமும் திறக்கல. வைஃபை இருக்கு, ஆனா எத அழுத்துனாலும் கனெக்சன் பாதுகாப்பா இல்லன்னு சிவப்பா வருது. எவனோ பேங்க் காச அடிக்க உள்ள பூந்துட்டான்னு பயந்து ப்ளக்க புடுங்கி போட்டுட்டேன். அப்பா சிபியூவ மோட்டார் சைக்கிள்ல முன்னாடி வச்சிக்கிட்டு டவுனுக்கு தூக்கிட்டு போனாரு. கடைக்காரரு மூடிய கூட கழட்டல, மதர்போர்டு போச்சு அங்கிள், 2014 மாடலு, விண்டோஸ் 10க்கும் 2025 அக்டோபர் 14-ஓட வழக்கமான அப்டேட் முடிஞ்சிருச்சு, புதுசு வாங்கிக்குங்கன்னுட்டாரு. இத சொல்றதுக்கு 30 வெள்ளி வேற.

எனக்கு மனசு ஒப்பல. பக்கத்து வீட்டு அக்கா மகன் ஈப்போவுல பொலிடெக்னிக் படிக்கிறான்ல, அவன் சனிக்கிழமை வந்தான். வந்தவன் மொதல்ல பாத்தது திரையோட மூலைய, 2014 ஜனவரி 1ன்னு காட்டுது. கம்ப்யூட்டர்ல தேதி தப்பா இருந்தா வெப்சைட்டோட சர்டிபிகேட் தேதியோட ஒத்துப்போகாதாம், அதான் எல்லாமே சிவப்பு. போர்டுல இருக்குற காசு சைஸ் பேட்டரி, சிஆர்2032, கார் ரிமோட்ல கூட போடுவாங்களே அந்த மாதிரி, அது செத்திருக்கு. 3 வெள்ளி. 3 வெள்ளி சமாச்சாரத்துக்கு 2,600 வெள்ளி செலவு பண்ண இருந்தோம் லா.

மூடிய கழட்டுனா உள்ள பல்லி முட்டை ரெண்டு! பவர் சப்ளைக்கு அடியில சூட்டுக்கு வச்சிருக்கு. அப்பா ஒடச்சிராதடா ஒடச்சிராதடான்னு உள்ளங்கையில ஏந்தி கருவேப்பில தொட்டியில கொண்டு போய் வச்சாரு. ஒரு மாசமா டிக்கு டிக்குன்னு ஒரு சத்தம் கேட்டுச்சுல்ல, நானும் பல்லி வீட்ட கண்டுபுடிச்சாச்சுன்னு சிரிச்சேன், ஆனா பையன் சிரிக்கல. ஆண்ட்டி அது ஹார்ட்டிஸ்க்குன்னான். கிரிஸ்டல்டிஸ்க்இன்போன்னு ஒரு சாப்ட்வேர் போட்டான், மஞ்சள் கலர்ல எச்சரிக்கை காட்டுச்சு. ஸ்கேன் பண்ணாதீங்க, டிஃப்ராக் பண்ணாதீங்க, அது ஓட ஓட சாவும், மொதல்ல வேணுங்கறத வெளிய எடுத்துருவோம்னு சொன்னான். ரெண்டு ராத்திரி காப்பி பண்ணோம். டியூசன் பயிற்சித்தாள் பூரா வந்துருச்சு, உன்னோட பரிசளிப்பு விழா படத்துல 11 வரவே இல்ல, அதுக்கு நான் ஒரு நாள் பூரா யாரோடயும் பேசல.

யுபிஎஸ்ஆர், அந்த ஆறாம் வகுப்பு பரீட்சை, 2021லயே போயிருச்சே இன்னும் அந்த தாளெல்லாம் எதுக்குன்னு நீ கேப்ப. பரீட்சை போச்சு, ஒருமை பன்மை போகலையே. அதுல பாதி நான் அந்த காலத்துல முரசு அஞ்சல்ங்கற தமிழ் டைப்பிங் சாப்ட்வேர்ல அடிச்சது, இப்ப எல்லாத்துலயும் தெரியுற யுனிகோட் இல்ல, டிஸ்கின்னு பழைய எழுத்து முறை. போன தடவ உன் லேப்டாப்ல திறந்தப்ப எறும்பு ஊருன மாதிரி தெரிஞ்சுச்சு ஞாபகம் இருக்கா. அதான் பையன்கிட்ட ஃபைல மட்டும் எடுக்காத, ஃபான்ட்ஸ் ஃபோல்டர்ல இருக்குற பழைய எழுத்துருவையும் எடுன்னு நான்தான் சொன்னேன். அவனுக்கே அது தெரியல, 2005ல பொறந்த புள்ள.

அப்புறம் அந்த ஹார்ட்டிஸ்க்குக்கு பதிலா 240 ஜிபி எஸ்எஸ்டி ஒண்ணு வாங்கி போட்டோம். விண்டோஸ் 10 புதுசா ஏத்துனான், லைசென்ஸ் போர்டோட ஒட்டியிருக்குமாம், நம்பர் எதுவும் கேக்கல. முன்னாடி ஸ்விட்ச்ச போட்டுட்டு ரொட்டி சானாய் வாங்கி வந்து சாப்பிட்டாலும் சுத்திக்கிட்டே இருக்கும், இப்ப நாற்காலிய இழுத்து உக்காருறதுக்குள்ள வந்துருது. ராம் 4 ஜிபிதான், பழைய டிடிஆர்3 இன்னொன்னு 25 வெள்ளிக்கு கிடைச்சது, போட்டாச்சு. அதுக்கு மேல ஒரு காசு போட மாட்டேன். எஸ்எஸ்டிய நாளைக்கு கழட்டி வேற மிஷின்ல போடலாம், கேசிங்ல போட்டு பென்டிரைவ் மாதிரி வச்சிக்கலாம், டிடிஆர்3 ராமும் போர்டும் இந்த டப்பாவோடயே குப்பைக்கு போறது.

விண்டோஸ் 11 இதுல வராது, அத நானே பாத்துட்டேன். இன்டெல்னா எட்டாவது ஜெனரேசன் வேணும், டிபிஎம் 2.0ன்னு ஒரு பாதுகாப்பு சிப் வசதி வேணும், நம்மளது ஐ5 நாலாவது. நீ வேலை பாக்குற பினாங்கு பாயான் லெப்பாஸ்லதானே இன்டெல் 1972ல பாக்டரி திறந்தான், இந்த சிப்பும் அங்க டெஸ்ட் பண்ணி வந்ததோ என்னமோ. ஏதோ தந்திரம் பண்ணி 11 ஏத்தித் தரேன்னு பையன் சொன்னான், நான் வேணான்னுட்டேன், பின்னாடி அப்டேட் நின்னு போனா எவன் வருவான். 2026 அக்டோபர் 13 வரைக்கும் பாதுகாப்பு அப்டேட் வாங்கிக்கலாமாம், செட்டிங்ஸ பேக்கப் பண்ண ஒத்துக்கிட்டா காசும் இல்ல. பேங்க் வேலைய போன்லயே பாத்துக்குறேன். அக்டோபர்ல பாப்போம், அப்பவும் புதுசு வேணாம், ஆபீஸ்ல தள்ளி விடுற லேப்டாப் எட்டாவது ஜெனரேசனுக்கு மேல இருந்தா போதும். இப்ப ராம் விலை வேற ஏறிக்கிடக்கு, நீயும் இப்பத்தான் வீட்டு லோன் எடுத்திருக்க.

அந்த அப்டேட்டுக்கு மைக்ரோசாப்ட் அக்கவுண்ட்ல உள்ள போகணுமாம். 2016ல விண்டோஸ் 10 ஏத்துனப்ப நீதான் திறந்து குடுத்த, பாஸ்வேர்டும் நீ போட்டதுதான், ஏதோ ஒரு பொண்ணு பேரு, பின்னாடி ஒரு நம்பர். யாருன்னு நான் கேக்க மாட்டேன். பெரிய எழுத்து எது சின்ன எழுத்து எதுன்னு மட்டும் சரியா அனுப்பு.

அம்மா