தூணடியில் ஒரு பெயர்ப்பலகை வையுங்கள்

ரொறன்ரோ மாநகர சபை உறுப்பினர்களுக்கும், ஒன்ராறியோ சட்டமன்ற வளாகத்தைப் பராமரிப்பவர்களுக்கும்,

வணக்கம்.

2009 ஏப்ரல் கடைசியில், யூனிவர்சிற்றி அவனியூவில் அமெரிக்கத் துணைத் தூதரகத்தின் முன்னால் தமிழர்கள் வீதியை மறித்து இரவும் பகலும் அமர்ந்திருந்தோம். சற்றுத் தெற்கே, குயீன் வீதிச் சந்தியில், உயர்ந்த கருங்கல் தூண் ஒன்று. உச்சியில் சிறகு விரித்த வெண்கல உருவம் கிரீடத்தை ஏந்தி நிற்கும். "தூணடியில் நிற்கிறேன், வா" என்று கைபேசியில் சொல்ல அது எங்களுக்கு வசதியாக இருந்தது. தென்னாபிரிக்கப் போரில் (போவர் போர், 1899–1902) இறந்த கனடியர்களுக்காக 1910இல் எழுந்தது அது என்பதும், வடித்தவர் இந்நகரில் பிறந்த தச்சரின் மகன் வோல்ட்டர் ஓல்வர்ட் என்பதும் எனக்குத் தெரியவந்தது பல ஆண்டுகள் கழித்துத்தான்.

அதற்குள் அவருடைய இன்னொரு வேலையை எத்தனையோ முறை மடித்துச் சட்டைப்பையில் வைத்திருக்கிறேன். 2012இல் வந்த இருபது டொலர் தாளின் பின்பக்கத்தில் உள்ள இரட்டைத் தூண்கள் முதலாம் உலகப் போரில் இறந்த கனடியர்களுக்காகப் பிரான்சின் விமி மேட்டில் அவர் எழுப்பிய நினைவகத்தில் இருப்பவை. அங்கே போய்வந்த பிறகே இந்த மடலை எழுதத் துணிந்தேன்.

1921இல் அவருடைய வடிவம் தேர்வானது. திறப்புவிழா 1936 யூலை 26இல். இடைப்பட்ட காலத்தில் கணிசமான பகுதி, மனதுக்கு ஒத்த கல்லைத் தேடுவதிலேயே கழிந்தது. கடைசியில் ரோமர் காலத்துச் சுரங்கம் ஒன்றிலிருந்து, இன்றைய குரோசியாவின் அத்ரியாத்திக் கரையிலிருந்து, வெளிர்நிறச் சுண்ணாம்புக்கல் வந்தது. மொத்தம் இருபது உருவங்கள். முக்காடிட்டுத் தலைகுனிந்து நிற்கும் பெண் மட்டும் முப்பது தொன் எடையுள்ள ஒரே பாளத்தில் செதுக்கியது. அவள் முகத்தைப் பார்க்க நாமும் கீழிருந்து அண்ணாந்துதான் ஆகவேண்டும்.

என்னை நெடுநேரம் நிறுத்தியது அவளல்ல, சுவர். பிரான்சில் இறந்து, கல்லறை இன்னதென்று அறியப்படாத 11,285 கனடியர்களின் பெயர்கள் அதில் இருக்கின்றன. நிரல்நிரலாகப் பிரித்து எழுதவில்லை. முடிவில்லாத ஒரே வரிசையாக ஓடுகின்றன. கல்லோடு கல் சேரும் பொருத்து குறுக்கிட்டாலும் எழுத்து நிற்பதில்லை, பெயரின் பாதி ஒரு கல்லிலும் மீதி அடுத்ததிலுமாகத் தாண்டிப் போகிறது. காணாமல் போனவர்களின் பட்டியல்களோடு வாழும் எங்களுக்கு அதை விளக்க வேண்டியதில்லை.

இத்தனை செய்தவருக்கு விமிக்குப் பிறகு பெரிய வேலைகள் அதிகம் வரவில்லை. 1955இல் இந்நகரிலேயே இறந்தார்.

சட்டமன்றம் இருக்கும் குயீன்ஸ் பார்க்கில், அதன் யன்னல்களுக்குக் கீழேயே அவர் இருக்கிறார். இளைஞராகச் செய்த, 1885இன் வடமேற்குக் கிளர்ச்சிக்கான நினைவுச்சின்னம், 1903இல் ஆளுநர் சிம்கோவின் சிலை, பிறகு ஒன்ராறியோ முதல்வர்களாக இருந்த மோவாட், சான்ட்ஃபீல்ட் மக்டொனால்ட் சிலைகள், 1940இல் ரொறன்ரோவின் முதல் மேயர் மக்கென்சியின் நினைவகம். தூணிலிருந்து அங்கே நடக்க அரை மணி நேரம்கூட ஆகாது. ஒரே சிற்பியின் ஏறக்குறைய ஐம்பது ஆண்டு உழைப்பை இப்படி நடந்தே பார்க்கக் கிடைக்கும் நகரத்தில் அவர் பெயரைக் கேட்டால் பலர் விழிக்கிறார்கள்.

ஆகவே நான் கேட்பது ஒரு பலகை. குயீன் வீதித் தூணடியில் வையுங்கள். சிற்பியின் பெயரைப் பெரிதாக எழுதி, வடக்கே உள்ள ஐந்து சின்னங்களுக்கும் வழி வரையுங்கள். அந்தச் சின்னங்களில் சில, ஆண்டவர்களின் பக்கம் நின்று பேசுபவை. கிளர்ச்சிச் சின்னம் படையினரைப் போற்றுகிறது, எதிரே நின்ற பூர்வகுடிகளான மெற்றி மக்களையும் கிறீ மக்களையும் அல்ல. அதையும் ஒளிக்காமல் எழுதுங்கள். சிற்பியின் கைத்திறன் அதனால் குறைந்துவிடாது.

ஒன்ராறியோவின் பிரான்ட்ஃபோர்ட் நகரில் அவர் செய்த பெல் தொலைபேசி நினைவகத்தைப் பற்றியும் பலகையின் அடியில் ஒரு வரி சேர்த்துவிடுங்கள். அங்கே இரு முனைகளிலும் இரு பெண்கள், ஒருத்தி பேச, மற்றவள் கேட்கிறாள், நடுவே பெருந்தூரம். 1917இல் தொலைபேசியைக் கண்டுபிடித்த பெல்லே நேரில் வந்து பார்த்த வேலை அது.

பலகையில் தமிழும் இருந்தால் நாங்கள் மறுக்கப்போவதில்லை.

இப்படிக்கு,
ஸ்காபரோவிலிருந்து ஒரு வரியிறுப்பாளர்