கோவை லேத் பட்டறை உரிமையாளர் சங்கம்: 2023–24 ஆண்டறிக்கை

தலைவர் அவர்களே, நேரம் ஒதுக்கி வந்திருக்கும் உறுப்பினர்களே, வணக்கம். வராதவர்களுக்கு இது வாட்ஸ்அப்பில் வரும். படிப்பார்கள் என்று நம்புகிறேன்.

ஆயுத பூஜை வழக்கம்போல் நடந்தது. மின்சார நிலைக்கட்டணத்தைக் குறைக்கக் கோரி மனு கொடுத்தோம். செயற்குழுக் கூட்டம் சில மாதங்கள் ஆள் சேராமல் கலைந்தது.

இந்த ஆண்டின் பெரிய வேலை தொழிலாளர் விபத்துக் காப்பீடுதான். "செயலாளர் இன்சூரன்ஸ் ஏஜென்ட் ஆயிட்டாரு" என்று டீக்கடையில் பேசுவது என் காதுக்கும் வந்தது. எனக்கு ஒரு ரூபாய் கமிஷன் கிடையாது. நம் பக்கத்துத் தெருவில் பவர் பிரஸ்ஸில் ஒரு பையனின் கட்டைவிரல் போனதை எல்லோரும் பார்த்தோம். முதலாளி பாலிசி போடவில்லை.

நம்மில் பலர் "பத்துப் பேருக்குக் கீழே, அரசின் தொழிலாளர் காப்பீடான இ.எஸ்.ஐ. இல்லை, ஆகவே பொறுப்பும் இல்லை" என்று நினைக்கிறோம். அப்படியல்ல. இ.எஸ்.ஐ.க்குள் வராத ஆளுக்குத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் பொருந்தும். ஒரே ஆள் இருந்தாலும் சரி. கணக்கைப் பாருங்கள். 30 வயது, மாதச் சம்பளம் 15,000 ரூபாய். அதில் 60 சதவீதம், அதாவது 9,000. சட்டத்தின் அட்டவணையில் அந்த வயதுக்குத் தந்திருக்கும் பெருக்கல் எண் 207.98. கட்டைவிரல் போனால் 30 சதவீத இழப்பு. பெருக்கினால் 5,61,546 ரூபாய். ஆள் இறந்தால் சம்பளத்தில் 50 சதவீதத்தை அதே எண்ணால் பெருக்க வேண்டும்: 15,59,850. ஒரு மாதத்துக்குள் தராவிட்டால் 12 சதவீத வட்டி, அதற்கு மேல் இழப்பீட்டில் பாதிவரை அபராதம். அந்த அபராதத்தைக் காப்பீட்டு நிறுவனமும் கட்டாது. ஸ்டாம்ப் பேப்பரில் "எனக்கு எதுவும் வேண்டாம்" என்று கையெழுத்து வாங்கி வைத்திருப்பவர்களுக்கு: அது செல்லாது.

பத்துப் பேரைத் தொட்டவர்கள் இ.எஸ்.ஐ.யில் சேர்ந்தே ஆக வேண்டும். 15,000 சம்பளத்துக்கு முதலாளி பங்கு மாதம் 487 ரூபாய் 50 காசு. ஒரு டிரில் பிட் விலை. அப்புறம் ஆள் குறைந்தாலும் விடமாட்டார்கள் என்பது உண்மைதான். அதற்காக ஒன்பது பேரை எழுதிவிட்டு மூன்று பேரை மறைத்தால், அடிபடுவது அந்த மூன்று பேரில் ஒருவனாக இருக்கும்.

பத்துக்குக் கீழ் உள்ளவர்கள் சங்கம் மூலம் சேர்ந்து பாலிசி எடுத்தால் பிரீமியத்தைக் குறைத்துப் பேசலாம் என்று ஏற்பாடு செய்தேன். கம்பெனி கேட்டது சம்பளப் பட்டியல் மட்டும். அதைத் தரத்தான் யாருக்கும் மனமில்லை. தந்த சிலரும் சம்பளத்தைப் பாதியாக எழுதியிருந்தார்கள். இழப்பீடும் பாதியாகத்தான் வரும் என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தேன். மற்றபடி கூட்டத்துக்கு வராமலே "சங்கம் என்ன செய்தது" என்று கேட்பவர்கள், இரண்டு வருடச் சந்தா பாக்கியையும் கொஞ்சம் நினைத்துப் பார்க்கலாம்.

வரவு செலவு தணிக்கையாளரால் பார்க்கப்பட்டது. வாடகை, பூஜை, அச்சு போக சிறு தொகை கையிருப்பு உள்ளது. விவரம் வேண்டுவோர் பொருளாளரைக் கேட்கலாம்.

இடம் தந்த தலைவருக்கும், டீ செலவை ஏற்ற துணைத்தலைவருக்கும், பொருளாளருக்கும் நன்றி.

வரும் ஆண்டுக்கு இந்தப் பொறுப்பை ஏற்க யாராவது முன்வந்தால் சாவியை இன்றே தந்துவிடுவேன். யாரும் கை தூக்கப் போவதில்லை என்பதால், காப்பீட்டுப் படிவங்களை வாசல் மேஜையில் வைத்திருக்கிறேன். போகும்போது ஆளுக்கொன்று எடுத்துச் செல்லுங்கள். சந்தா ரசீது புத்தகமும் அங்கேதான் இருக்கிறது.

செயலாளர்