செயலாளரின் ஆண்டறிக்கை: துடுப்புப் பிடிப்பவரே முதல் தூண்டில்காரர்

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

இந்த ஆண்டு சங்கத்தின் உழைப்பில் பெரும்பகுதி ஆற்றோட்டத்தோடு மிதந்து சென்று மீன்பிடிக்கும் டிரிஃப்ட் படகுப் பயிற்சிக்கே சென்றது. பூச்சி போன்ற போலி இரையான ஃப்ளையைக் கட்டித் தூண்டில் வீசக் கற்றுக்கொள்ள எல்லோருக்கும் ஆசை. துடுப்புப் பிடிக்க முன்வருபவர் குறைவு. ஆனால் மீன் கிடைப்பதும் கிடைக்காமல் போவதும் பெரும்பாலும் துடுப்பைப் பிடித்தவர் கையில்தான் இருக்கிறது என்பது என் உறுதியான கருத்து. அதனால் ஒவ்வொருவரும் முறைவைத்துத் துடுப்பில் உட்கார வேண்டும் என்று செயற்குழு முடிவெடுத்தது.

தட்டையான அடிப்பாகமும் தூக்கிய இரு முனைகளும் கொண்ட இந்தப் படகில் துடுப்புப் போடுபவர் நீர் போகும் திசையைப் பார்த்து உட்காருகிறார். அவர் வேலை படகை விரட்டுவதல்ல. எதிர்நீரில் பின்னோக்கி இழுத்து வேகத்தைத் தணிப்பது. பாறை எதிர்ப்பட்டால் படகின் முன்முனையைப் பாறையை நோக்கித் திருப்பி, அதிலிருந்து விலகும்படி பின்னிழுக்க வேண்டும். புதியவர்களுக்கு இது தலைகீழாகத் தோன்றுகிறது. பயிற்சியில் அதிக நேரம் பிடித்ததும் இதுவே.

வீசுபவர்கள் கரையை நேராகக் குறிவைக்கக் கூடாது. படகுக்கு முன்னால், நீரோட்டத் திசையில் ஏறத்தாழ 45 பாகை சாய்வாக வீசினால் ஃப்ளை இழுபடாமல் நெடுநேரம் மிதக்கும். இடையில் வேகமான நீர் ஓடினால் நூல் அதில் வளைந்து, ஃப்ளையை இழுத்துக்கொண்டு போகும். கோலின் நுனியால் நூலைத் தூக்கி எதிர்நீர்ப் பக்கம் மாற்றிப் போட்டால் ஃப்ளை மறுபடி இயல்பாக மிதக்கும். குளிர்ந்த நீரில் வாழும் டிரவுட் மீன் இந்தச் சிறு வேறுபாட்டைக் கவனித்துவிடுகிறது. முன்னால் நிற்பவர் முன்னோக்கியும் பின்னால் நிற்பவர் முன்னவர் வீசிய இடத்துக்குப் பின்னுள்ள நீரிலும் வீசினால் நூல்கள் பின்னிக்கொள்ளாது. இடத்தைச் சொல்ல, படகின் முன்முனையைப் பன்னிரண்டு மணியாகக் கொண்டு "இரண்டு மணி, பாறைக்கு இப்பால்" என்று துடுப்பாளர் கூறும் வழக்கம் இப்போது எல்லோருக்கும் படிந்துவிட்டது.

பாதுகாப்பில் விட்டுக்கொடுக்க இடமில்லை. உயிர்காப்பு மேலங்கி, கண்ணாடி இரண்டும் கட்டாயம். கொக்கியில் முள் இருக்கக் கூடாது. வேகமான நீரில் நங்கூரம் போடவே கூடாது. நங்கூரக் கயிறு பின்முனையில் இருப்பதால், ஓட்டம் அந்த முனையை அழுத்தி நீரைப் படகுக்குள் கொண்டுவந்துவிடும். ஆற்றில் விழுந்து கிடக்கும் மரங்களை வெகுதூரத்திலேயே கண்டு விலக வேண்டும். நீர் கிளைகளுக்குள் புகுந்து போகும், ஆளோ படகோ போக முடியாது. கரையோரம் நீரில் இறங்கி மீன்பிடிப்பவரைக் கண்டால் அவர் வீசும் பகுதியை விட்டு, அவருக்குப் பின்புறமாகக் கடந்து செல்கிறோம்.

வெயில் காலத்தில் நீரின் வெப்பம் 20 டிகிரி செல்சியசை எட்டினால் டிரவுட் பிடிப்பதை நிறுத்துவது என்ற தீர்மானம் நிறைவேறியது. பிடித்து மீண்டும் ஆற்றில் விட்டாலும் அந்த வெப்பத்தில் மீன் இறக்கும் வாய்ப்பு கூடுகிறது. எனக்கு இதில் மிகுந்த நிறைவு.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே முன்வைப்பார். நங்கூரக் கயிறுகளையும் துடுப்புத் தாங்கிகளையும் பருவம் தொடங்குமுன் மாற்றுவதற்குப் பொதுக்குழுவின் ஒப்புதலைக் கோருகிறேன்.