செயலாளர் ஆண்டறிக்கை: செல்லோவும் பேண்டும் ஒரே மேடையில்

நம் இசை கேட்கும் சங்கத்தின் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

போன வருஷ அறிக்கை ரொம்ப நீளம் என்று பொதுக்குழுவிலேயே சொன்னீர்கள். இதுவும் நீளம்தான், ஆனால் கணக்கு வழக்கை முதலிலேயே முடித்துவிடுகிறேன், அது போதும் என்பவர்கள் டீ குடிக்கப் போகலாம். 12 கூட்டம் நடத்த வேண்டியது, 11 நடந்தது. மாடிப்படி வரை மழைத்தண்ணீர் ஏறியதால் நவம்பர் கூட்டம் போயிற்று. சந்தா வசூல் சுமார்தான். வரவு செலவைப் பொருளாளர் அண்ணன் தனியாகப் படிப்பார். கையிருப்பு இறங்கியதற்கு ஸ்பீக்கர் ரிப்பேர்தான் காரணம், ஆனால் அந்த ஸ்பீக்கர் கெட்டுப்போனதில் ஒரு லாபமும் இருந்தது, அதைக் கீழே சொல்கிறேன்.

வருஷம் பூராவும் கேட்கிறதுக்கு நாம் எடுத்துக்கொண்ட விஷயம், மேற்கத்திய சாஸ்திரிய மேடையில் வளர்ந்த செல்லோவை, அதாவது உட்கார்ந்து வில்லால் வாசிக்கிற பெரிய வயலின் மாதிரி வாத்தியத்தை, ஊதுவாத்தியங்கள் நிறைந்த பெரிய குழுவான ஜாஸ் பிக் பேண்டோடு உட்கார வைத்தால் என்ன ஆகும் என்பது. முன்மொழிந்தவன் நான், அதனால் வாங்கிய திட்டும் எனக்கே. முதல் கூட்டத்தில் கரும்பலகையில் எழுதிப் போட்டேன்: சாக்ஸபோன் 5, டிரம்பெட் 4, டிராம்போன் 4, பியானோ, கிடார், பாஸ் (செல்லோவைவிடப் பெரிய அடிக்குரல் தந்தி வாத்தியம்), டிரம்ஸ், ஆக 17 பேர். எதிரே ஒரே ஒரு செல்லோ. சத்தம் பத்தாது என்பது யாருக்கும் புரியும். அதைவிடப் பெரிய தொல்லை, செல்லோவின் குரல் இருக்கிற இடம். வயலின் என்றால் கூட்டத்துக்கு மேலே ஏறித் தப்பித்துவிடும், பாஸ் அடியில் தனியாக இருக்கும், செல்லோவோ டெனார் சாக்ஸபோனும் டிராம்போனும் புழங்குகிற அதே தளத்தில் மாட்டிக்கொள்கிறது. பஸ்ஸில் நடுவே நிற்கிறவன் நிலைமை.

இதை வாயால் சொன்னால் யாரும் நம்பவில்லை, சரி, கண்ணால் பார்க்கட்டும் என்று ஜூன் மாதம் ஒரு சோதனை வைத்தோம். விடுமுறைக்கு வந்திருந்த ஒரு செல்லோ மாணவி, கல்யாண பேண்டில் வாசிக்கிற இரண்டு பேர், ஒருவர் டிரம்பெட், ஒருவர் சாக்ஸபோன். செல்லோவின் அடியில் ஒரு இரும்புக் கூர் உண்டு, அதைத் தரையில் ஊன்றித்தான் வாசிக்க வேண்டும். நம் ஹாலின் டைல்ஸில் அது வழுக்கி வழுக்கிப் போனது, கடைசியில் வாட்ச்மேன் ஒரு சாக்கை மடித்துப் போட்டார். தனியாக வாசித்தபோது மூன்றாவது வரிசையில் நெஞ்சுக்கூடு அதிர்ந்தது. சாக்ஸபோன் சேர்ந்ததும் பாதி போயிற்று. டிரம்பெட் வந்ததும் பாப்பாவின் வில் மேலும் கீழும் போவது மட்டும் தெரிந்தது, சத்தமில்லாத டிவி மாதிரி. அப்புறம் ஒரு சின்ன மைக்கை செல்லோவில் தந்திகளைத் தாங்குகிற பிரிட்ஜ் என்ற கட்டைப் பக்கத்தில் மாட்டிப் பார்த்தோம். செல்லோ கேட்டது, ஆனால் அதே மைக்கில் டிரம்பெட்டும் புகுந்துகொண்டது, வால்யூமை ஏற்றினால் கூவ ஆரம்பித்தது. டிரம்பெட்காரர் சிரித்துக்கொண்டே, "நான் வேணா வெளியே நின்னு ஊதட்டுமா?" என்று கேட்டார்.

இந்தக் கஷ்டத்தை ஜாஸ் ஆட்கள் எப்படிச் சமாளித்தார்கள் என்று மூன்று கூட்டம் பேசினோம். ஆஸ்கர் பெட்டிஃபோர்டு அடிப்படையில் பாஸ் வாசிப்பவர், ஜாஸ் பேண்டுத் தலைவர் டியூக் எலிங்டன் குழுவில் இருந்தவர். 1949-ல் உட்டி ஹெர்மன் பேண்டில் இருந்தபோது பேஸ்பால் ஆடிக் கையை உடைத்துக்கொண்டார், பெரிய பாஸைப் பிடிக்க முடியாமல் செல்லோவை எடுத்தார். தந்திகளை பாஸ் மாதிரியே சுருதி சேர்த்து, வில்லை ஓரமாக வைத்துவிட்டு விரலால் சுண்டி வாசித்தார். வில் தந்தியில் பிடித்து நாதம் கிளம்ப ஒரு கணம் ஆகும், டிரம்ஸுக்கு அந்தப் பொறுமை கிடையாது. சுண்டினால் அந்தத் தாமதம் இல்லை. டேவிட் பேக்கர் கதை வேறு. டிராம்போன் ஊதியவர், விபத்தில் தாடை கெட்டுப்போய் செல்லோவுக்கு வந்தார், பிற்பாடு இந்தியானா பல்கலைக்கழகத்தில் ஜாஸ் பாடத்திட்டத்தை வளர்த்தார், அங்கேயே ஆசிரியராக இருந்த செல்லோ கலைஞர் யானோஸ் ஸ்டார்க்கருக்காக செல்லோ உருப்படியும் எழுதினார். பேண்டுத் தலைவர் ஸ்டான் கென்டன் 1950-ல் நேர்வழியில் போனார்: பித்தளைக் கூட்டத்தோடு தந்தி வாத்தியக் கூட்டத்தையும் சேர்த்து, ஏறக்குறைய 40 பேருடன் ஊர் ஊராகச் சுற்றிப் பணத்தை விட்டார். இதைப் படித்தபோது பொருளாளர் அண்ணன் முகத்தில் வந்த அனுதாபம், நம் சங்கத்துக்காகக்கூட வந்ததில்லை.

வருஷத்தில் அதிகம் சண்டை போட்டது ஃபிரெட்ரிக் குல்டாவின் செல்லோ கான்செர்ட்டோவுக்கு, அதாவது ஒரு செல்லோவும் ஒரு குழுவும் சேர்ந்து வாசிக்கிற உருப்படிக்கு. வியன்னாக்காரர், மொஸார்ட்டும் பெத்தோவனும் வாசித்துப் பெயர் வாங்கிய பியானோ கலைஞர், 1956-ல் நியூயார்க் போய் பேர்ட்லேண்ட் ஜாஸ் கிளப்பில் வாசித்தவர். 1980-ல் செல்லோ கலைஞர் ஹைன்ரிஷ் ஷிஃப்புக்காக இதை எழுதினார். முதல் பகுதியில் கிடார், பாஸ், டிரம்ஸ் சேர்ந்து ராக் தாளம் போட, செல்லோ மூச்சுப் பிடித்து ஓடுகிறது. இரண்டாவது ஆல்ப்ஸ் ஏரிக்கரை கிராமத்து மெட்டு. ஷிஃப் பிறந்த க்முண்டனும் குல்டா பிற்காலத்தில் வாழ்ந்த இடமும் ஆஸ்திரியாவின் அந்த ஏரிப் பிரதேசமான சால்ஸ்கம்மர்குட் பகுதியில்தான். கடைசிப் பகுதி பீர் கூடாரத்து அணிவகுப்பு. செல்லோவுக்கு மைக் வைத்துத்தான் வாசிக்கிறார்கள்.

இதை பிப்ரவரியில் போட்டபோது எல்லாரும் ஒரே குரலில் பாராட்டினோம், செல்லோவும் பேண்டும் இவ்வளவு பொருத்தமாகச் சேர்ந்து கேட்டதே இல்லை என்று நானே கூட்டக் குறிப்புப் புத்தகத்தில் எழுதியிருக்கிறேன். மே மாதம்தான் தெரிந்தது, ஸ்பீக்கரில் உச்ச ஒலியைத் தருகிற ட்வீட்டர் எப்போதோ செத்துப்போயிருக்கிறது. டிரம்பெட்டின் பளபளப்பும் சிம்பலின் சலசலப்பும் வராமலே போக, செல்லோ ராஜா மாதிரி உட்கார்ந்திருந்தது. ரிப்பேர் செய்து ஆகஸ்டில் அதையே மறுபடி போட்டால், பேண்டு முன்வரிசைக்கு வந்துவிட்டது, செல்லோ இரண்டடி பின்னால் போய்விட்டது. பழைய ஸ்பீக்கரே தேவலை என்றார் தலைவர் ஐயா. அவர் கேலியாகச் சொல்லவில்லை.

இது பிக் பேண்டே இல்லையே என்று ஒரு உறுப்பினர் கேட்டார். நியாயம்தான், இதில் சாக்ஸபோனே கிடையாது, பித்தளையிலும் இரண்டு பிரெஞ்சு ஹார்ன், இரண்டு டிரம்பெட், ஒரு டிராம்போன், ஒரு டியூபா, அவ்வளவுதான். ஆனால் குல்டா அறுபதுகளில் யூரோ ஜாஸ் ஆர்கெஸ்ட்ரா என்று பெரிய குழுவையே நடத்தியவர், 17 பேர் சேர்ந்து வாசித்தால் என்ன மிஞ்சும் என்று அவருக்குத் தெரியாதா? தெரிந்துதான் குறைத்திருப்பார் என்பது என் ஊகம். இன்னொன்றையும் செய்தார்: ஐந்து பகுதியில் நட்டநடுவில் இருக்கிற மூன்றாவதை செல்லோவிடம் தனியாகக் கொடுத்துவிட்டார், பேண்டு வாயே திறக்காது, அதில் இரண்டு இடத்தில் கலைஞர் சொந்தமாகக் கற்பனை பண்ணி வாசிக்க வேண்டும். ஜாஸ் அங்கேதான் உண்மையில் செல்லோவுக்குள் இறங்குகிறது, டிரம்ஸ் பக்கத்தில் இல்லாதபோது. இதைக் கலவை என்று விளம்பரத்தில் போடுவார்கள், எனக்கென்னவோ ஒரே வீட்டில் தனி அடுப்பு வைத்துக்கொண்டு பண்டிகைக்கு மட்டும் சேர்ந்து சாப்பிடுகிற குடும்பம் மாதிரிதான் தோன்றுகிறது, அப்படி இருப்பதால்தான் சண்டை வராமல் இருக்கிறது. தலைவர் இதை ஒத்துக்கொள்ளவில்லை, வெறும் துண்டு துணி ஒட்டு வேலை என்கிறார். அறிக்கையில் பதிவு செய்யச் சொன்னார், செய்துவிட்டேன்.

மற்றபடி நிர்வாகக் குழுவுக்குத் தேர்தல் அடுத்த மாதம். செயலாளர் பதவிக்கு யாரும் மனு கொடுக்கவில்லை என்றால் நானே தொடர வேண்டியிருக்கும், யோசித்துக்கொள்ளுங்கள். நூலக சிடி ஏழு இன்னும் திரும்பி வரவில்லை, யாரிடம் என்று எனக்குத் தெரியும். ஜூன் மாதச் சாக்கு அலமாரிக்குக் கீழேயே கிடக்கிறது, வாட்ச்மேன் இரண்டு தடவை கேட்டுவிட்டார், இன்று போகும்போது யாராவது எடுத்துப்போய்க் கொடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
செயலாளர்