காரைக்குடிக் கூடலுக்குக் கை கொடுத்தவர்களுக்கு

அன்புடையீர்,

அக்டோபர் முதல் திங்கட்கிழமை உலகக் கட்டடக்கலை நாள். அதையொட்டிக் காரைக்குடியில் சனி, ஞாயிறு இரண்டு நாளும் நாங்கள் நடத்திய கூடல் நல்லபடியாக முடிந்தது. முதல் நாள் தெரு நடை, மறுநாள் உரைகளும் விருதுகளும். முடிந்து பத்து நாள் ஆகிவிட்டது. வாடகைப் பாத்திரத்தைத் திருப்பிக் கொடுத்து, கணக்கைத் தீர்த்து, நன்றாகத் தூங்கி எழுந்து இன்றுதான் எழுத உட்கார்ந்தேன். தாமதத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மேடையில் எல்லோரையும் பெயர் சொல்லித்தான் அழைத்தோம். இணையத்தில் பெயர் போட வேண்டாம் என்று சிலர் கேட்டுக்கொண்டதால், இங்கே அவரவர் செய்த வேலையை வைத்தே நன்றி சொல்கிறேன். உங்களை நீங்கள் கண்டுபிடித்துக்கொள்வீர்கள்.

முதலில், வீட்டைத் திறந்துவிட்ட ஆச்சிக்கு. முகப்பு ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில் என்று நீளுகிற வீடு. நாற்பது மாணவர்கள் செருப்பைக் கழற்றிப் போட்டதில் திண்ணை காணாமல் போனது. "கால் வைக்க இடம் விட்டுப் போடுங்கப்பா" என்பதற்கு மேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை. நாலு மணிக்கு மழை பிடித்துக்கொண்டது. நடை பாதியில் நின்றதே என்று நான் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டிருக்க, ஆச்சி பிள்ளைகளை வளவுக்குள், அதாவது வீட்டின் உள்கட்டுக்குள், அழைத்து முற்றத்தைச் சுற்றி உட்காரச் சொன்னார். நாலு பக்கத்து ஓட்டுச் சரிவிலிருந்தும் தண்ணீர் இறங்கி மூலைக்கு மூலை கொட்டியது. கொட்டுகிற இடத்தில் அண்டா வைத்தார். முதல் தண்ணீரைக் கீழே ஊற்றிவிட்டு மறுபடி பிடித்தார். மிச்சம் முற்றத்துக் கல்லில் ஓடித் துவாரம் வழியாகத் தெருவுக்குப் போனது. அது ஊருணிக்குப் போகும் என்று சொன்னதும், மழை விட்ட கையோடு பத்துப் பேர் வாய்க்காலைத் தொடர்ந்து ஓடினார்கள். மூன்று வீடு தாண்டிப் புதிதாகப் போட்ட ஒரு கார் சரிவுப் பாதையில் தண்ணீர் முட்டி நடுத்தெருவில் தேங்கி நின்றதையும் பார்த்துவிட்டு வந்தார்கள். என் ஸ்லைடுகளை அன்று திறக்கவே இல்லை. திறந்திருந்தாலும் இவ்வளவு விளங்கியிருக்காது.

மறுநாள் பேசிய, பழைய கட்டடங்களைப் பாதுகாக்கும் பணி செய்யும் கட்டடக் கலைஞர் இதையே பிடித்துக்கொண்டார். 2017இல் திருவரங்கம் கோயிலுக்கு யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் பாரம்பரியப் பாதுகாப்பு விருது கிடைத்தபோது எல்லோரும் கோபுரப் படத்தைத்தான் போட்டார்கள். ஆனால் பிற்காலத்தில் ஒட்டிக்கொண்ட கட்டுமானங்களை அகற்றியதும், அடைபட்டுக் கிடந்த பழைய மழைநீர் வழிகளை மீட்டதும் அந்தப் பணியில் பெரிய பங்கு என்றார். முந்தின நாள் ஓடிய பத்துப் பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மதுரையிலிருந்து சொந்தச் செலவில் வந்து, போக்குவரத்துப் பணத்தைக்கூட வாங்க மறுத்த அவருக்கு நன்றி.

ஆத்தங்குடியிலிருந்து தரைக்கல் செய்யும் பட்டறையையே பெயர்த்துக் கொண்டுவந்த பெரியவருக்கும் அவர் மகனுக்கும் என்ன சொல்வது! கண்ணாடித் தட்டை வைத்து, சட்டத்தைப் பொருத்தி, பூ அச்சின் ஒவ்வொரு அறையிலும் சின்னக் கரண்டியால் நிறக் கலவையை ஊற்றினார். அச்சைத் தூக்கும்போது கூடம் முழுக்கப் பேச்சு நின்றது. ஒரு நிறம் இன்னொன்றில் கலக்கவில்லை. மேலே ஈரம் உறிஞ்ச உலர்ந்த சிமெண்ட் மணலைத் தூவி, அப்புறம் கலவை வைத்து மட்டப்படுத்தினார். "சூளை எங்கே?" என்று ஒரு மாணவி கேட்டாள். சூளையே கிடையாது, தண்ணீரில் ஊறிக் காய்ந்ததும் கண்ணாடி தானாக விட்டுவரும், பளபளப்பு அந்தக் கண்ணாடி கொடுத்தது.

விருது விஷயத்துக்கு வருகிறேன். நம் தொழிலில் வழக்கமான விருது விண்ணப்பத்தில் வடிவமைத்தவர், பொறியாளர், உரிமையாளர், ஏன், படம் எடுத்தவருக்குக்கூட ஒரு கட்டம் இருக்கும். கொத்தனாருக்கு இருக்காது. 1977இல் தொடங்கிய ஆகா கான் கட்டடக்கலை விருது இதில் வேறு மாதிரி. கட்டடக்கலையின் மிகப் பெரிய விருது என்று சொல்லப்படும் பிரிட்ஸ்கர் ஆளுக்குக் கொடுப்பது, இது வேலைக்குக் கொடுப்பது. அதனால் கட்டியவர், கைவினைஞர், கட்டச் சொன்னவர் எல்லோருக்கும் அதில் இடம் உண்டு. 2018இல் பிரிட்ஸ்கர் பெற்ற முதல் இந்தியரான பாலகிருஷ்ண தோஷிக்கு, இந்தூரின் ஆரண்யா குடியிருப்புக்காக 1995இலேயே ஆகா கான் விருது வந்தது. அடித்தளமும் கழிப்பறையும் இணைப்புகளும் கொடுத்து, மிச்சத்தைக் குடியிருப்பவர்களே கட்டிக்கொள்ள விட்ட இடம் அது. அங்கே யார் பெயரை விடுவது? அதைப் பார்த்துத்தான் எங்கள் விண்ணப்பத்திலும் 'கட்டியவர்கள்' என்று ஒரு கட்டம் சேர்த்தோம். வந்தவற்றில் பாதிக்கு மேல் அந்தக் கட்டம் காலி. திருப்பி அனுப்பினோம். சலித்துக்கொண்டாலும் விசாரித்துப் பெயர் எழுதி அனுப்பிய நண்பர்களுக்கு நன்றி. திரும்ப அனுப்பாமலே விட்டவர்களிடம் எனக்கு இன்னும் வருத்தம் இருக்கிறது, மறைப்பானேன்.

இவ்வளவு பேசிய நானே கோட்டைவிட்டேன். பழைய வீட்டுச் சுவரில் சுண்ணாம்புப் பூச்சை மீட்டெடுத்த மேஸ்திரிக்கான சான்றிதழில் கட்டடக் கலைஞரின் பெயர் அச்சாகியிருந்தது. சரிபார்க்காமல் அச்சுக்குக் கொடுத்தது என் தவறு. மேடையில் அதைப் பார்த்த அந்தக் கலைஞர், நடுவரின் பேனாவை வாங்கித் தன் பெயரை அடித்துவிட்டு மேஸ்திரியின் பெயரைக் கையால் எழுதிக் கொடுத்தார். புதிதாக அச்சிட்டுத் தருகிறேன் என்று சொல்லிப் பார்த்தேன், மேஸ்திரி இதுவே போதும் என்றுவிட்டார். இறங்கி வரும்போது மண்டபச் சுவரை உள்ளங்கையால் ஒரு தடவு தடவி, "பட்டி பார்த்துப் பெயிண்ட் அடிச்சிருக்காங்க" என்றார். அவ்வளவுதான் அவரது ஏற்புரை.

அப்புறம், கரண்ட் போன நாற்பது நிமிடமும் மைக் இல்லாமல் தொண்டை கட்டக் கத்தித் தொகுத்து வழங்கிய மூன்றாம் ஆண்டு மாணவிக்கும், ஜெனரேட்டரைத் தூக்கிக்கொண்டு வந்த எலக்ட்ரீஷியன் அண்ணனுக்கும், எண்பது பேருக்குச் சொல்லி நூற்றிருபது பேர் வந்தும் முகம் சுளிக்காமல் இன்னொரு உலை வைத்த சமையல் அக்காவுக்கும், மழையில் வரைபடப் பலகைகளைத் தார்ப்பாய் போட்டுக் கொண்டுவந்து சேர்த்த மினி வேன் தம்பிக்கும் நன்றி.

ஆச்சி வீட்டில் இரண்டு குடையும் ஒரு ஜோடி செருப்பும் இருக்கின்றன. ஆளுக்கு ஒன்றாக எடுத்துக்கொள்ளலாம் என்று வைத்திருக்கும் ஆத்தங்குடிக் கற்கள் என் அலுவலகத்தில் இருக்கின்றன. கண்ணாடியை மட்டும் பெரியவர் திருப்பிக் கேட்டிருக்கிறார்.

அன்புடன்,
கூடல் குழுவின் சார்பில்